வயிற்றைக் கனக்க வைக்காத பிரெஞ்ச் டோஸ்ட்

காய்ந்துபோன ரொட்டியை வீணாக்காமல் பாலிலும் முட்டையிலும் முக்கிக் கல்லில் போட்டு எடுப்பது உலகத்தில் பல ஊர்களில் இருக்கிற பழக்கம். அபிசியஸ் என்ற பெயரில் வழங்கும் பழைய ரோமானிய சமையல் தொகுப்பில், ரொட்டித் துண்டைப் பாலில் ஊறவைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. அதில் முட்டைகூடக் கிடையாது. ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் இதையே ஆலிவ் எண்ணெயில் பொரித்துப் பட்டையும் சர்க்கரையும் தூவுகிறார்கள். ஹாங்காங் டீக்கடைகளில் இரண்டு துண்டுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, எண்ணெயில் பொரித்து, உச்சியில் ஒரு வெண்ணெய்க் கட்டியையும் வைத்துத் தருகிறார்கள். நம் ஊர் பேக்கரியிலும் கேன்டீனிலும் இது பாம்பே டோஸ்ட். ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் எண்ணெயிலும் இனிப்பிலும் மட்டும் யாரும் கை சுருக்கியதில்லை.

இதை இலகுவாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் மஞ்சள் கருவைத் தூக்கி எறிகிறார்கள். அடுத்து பாலில் தண்ணீர் சேர்க்கிறார்கள். கடைசியில் ரப்பர் மாதிரி ஒன்று தட்டில் வந்து விழ, ‘டயட் சாப்பாடே இப்படித்தான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பழி விழவேண்டிய இடம் வேறு. கீழே உள்ள குறிப்புகள் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான்.

1. முதலில் கணக்கு பார்த்துவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு துண்டு என்று வைத்துக்கொள்வோம். பிரெட் சுமார் 150 கலோரி, ஒரு முட்டை 72, கொழுப்பு நீக்காத பால் கால் டம்ளர் 50 சொச்சம், கலவையில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை 32, கல்லில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 100, மேலே ஊற்றும் தேன் இரண்டு மேசைக்கரண்டி 128. கூட்டினால் 530 தாண்டிவிடும். இப்போது சர்க்கரையை எடுத்துவிட்டு, வெண்ணெய்க்குப் பதில் ஒரு தேக்கரண்டி நெய், டோன்டு பால், தேன் ஒரே ஒரு தேக்கரண்டி, மேலே அரைக் கிண்ணம் பழமும் இரண்டு கரண்டி கெட்டித் தயிரும் என்று மாற்றுங்கள். 390க்குள் அடங்கிவிடும். எங்கே குறைந்தது என்று பாருங்கள்: தேனில் மட்டும் நூறுக்கு மேல், வெண்ணெயில் அறுபதை ஒட்டி, சர்க்கரையில் முப்பது சொச்சம். பாலை மாற்றியதில் கிடைத்தது இருபதுகூட இல்லை. முட்டையைத் தொடவே இல்லை. கனம் இருப்பது கல்லின் மேலும் டோஸ்ட்டின் மேலும்தான். கலவைக் கிண்ணத்தில் குறைப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை.

2. பிரெட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ‘பிரவுன் பிரெட்’ என்று எழுதியிருக்கும் எல்லாமே கோதுமை பிரெட் இல்லை. மைதாவில் கேரமல் நிறம் சேர்த்தாலும் பழுப்பாகத்தான் இருக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். முதல் சொல் ‘முழுக் கோதுமை மாவு’ அல்லது ‘ஆட்டா’ என்று இருந்தால் சரி. ‘சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு’ என்றால் அது மைதா. ‘மல்டிகிரெய்ன்’ என்று முகப்பில் பெரிதாகப் போட்டு, பட்டியலில் மைதாவுக்குப் பின்னால் எங்கோ ஒரு மூலையில் ஓட்ஸும் எள்ளும் ஒளிந்திருப்பதும் உண்டு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கோதுமை பிரெட்டுக்கும் மைதா பிரெட்டுக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. நார்ச்சத்துக்காகவும், பசி தாங்குவதற்காகவும்தான் கோதுமை.

3. ஹோட்டல்களில் பிரெஞ்ச் டோஸ்ட்டுக்குப் பயன்படுத்தும் பிரியோஷ் பிரெட்டை வீட்டில் தவிர்த்துவிடலாம். அது முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த மாவு. சில செய்முறைகளில் மாவின் எடையில் பாதி அளவுக்குக்கூட வெண்ணெய் போகும். ஏற்கெனவே வெண்ணெயில் குளித்து வந்ததை மறுபடி வெண்ணெயில் போடுவானேன்? பால் பிரெட், பன், பழ பிரெட் எல்லாவற்றிலும் சர்க்கரை கூடுதல் என்பதால் சீக்கிரம் கருகும்.

4. முடிந்தால் வெட்டாத பிரெட் வாங்குங்கள். பக்கத்து பேக்கரியில் சொன்னால் தடிமனாக வெட்டித் தருவார்கள். ஒரு விரல் தடிமன், அதாவது 2 சென்டிமீட்டர் போதும். கொழுப்பு ஏறுவது மேற்பரப்பில். மெல்லிய துண்டு இரண்டுக்கு நான்கு பக்கம், தடித்த துண்டு ஒன்றுக்கு இரண்டே பக்கம். அதே எடை பிரெட்டுக்குப் பாதி நெய்யில் வேலை முடிந்துவிடும். உள்ளே மெத்தென்று இருப்பதும் தடித்த துண்டுதான்.

5. நேற்றைய பிரெட் நல்லது. இன்று காலை வந்த பிரெட்டில் ஈரம் இருப்பதால் கலவையை உறிஞ்சாமல் குழைந்துவிடும். நேற்றையது இல்லையென்றால் துண்டுகளைத் தட்டில் பரப்பிச் சற்று நேரம் காற்றாட விடலாம். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வாட்டிக்கொள்ளலாம். நிறம் மாற வேண்டாம், தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தால் போதும். ‘பழைய பிரெட்’ என்றால் பூஞ்சை பிடித்த பிரெட் இல்லை. ஒரு துண்டில் பச்சைப் புள்ளி தெரிந்தாலும் பாக்கெட்டோடு குப்பைக்குப் போகட்டும். புள்ளியைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் அது உள்ளே பரவியிருக்கும்.

6. மஞ்சள் கருவை விட்டுவிடாதீர்கள். முழு முட்டையின் 72 கலோரியில் 55 மஞ்சள் கருவில் இருப்பது உண்மை. ஆனால் டோஸ்ட் மிருதுவாக இருப்பதும், மணமும், பொன்னிறமும் அதனால்தான். வெள்ளைக் கரு மட்டும் போட்டால் பிரெட்டைச் சுற்றி ஆம்லெட் தோல் மாதிரி ஒரு பூச்சு வந்து நிற்கும், உள்ளே எதுவும் இறங்காது. புரதம் கூடுதலாக வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: நான்கு துண்டுக்கு ஒரு முழு முட்டை, இரண்டு வெள்ளைக் கரு. புரதம் 13 கிராம் கிடைக்கும், கொழுப்பு 5 கிராமோடு நின்றுவிடும். கொலஸ்ட்ராலுக்காக மஞ்சள் கருவைக் குறைக்கச் சொல்லி உங்கள் மருத்துவர் சொல்லியிருந்தால் அவர் சொல்வதுதான் உங்களுக்குச் சட்டம். மற்றவர்கள் ஒரு மஞ்சள் கருவைப் பார்த்துப் பயந்துவிட்டு இரண்டு கரண்டி வெண்ணெயை உருக்குவதில் அர்த்தமில்லை.

7. நான்கு சாதாரண துண்டுக்கு இரண்டு முட்டை, அரை டம்ளர் பால் (சுமார் 120 மில்லி). இதுதான் அடிப்படை அளவு. பால் கூடினால் துண்டு தூக்கும்போதே பிய்யும். முட்டை கூடினால் கவிச்சி தூக்கலாக இருக்கும்.

8. பாலில் எது என்று குழம்ப வேண்டாம். புல் கிரீம் பாலில் கொழுப்பு 6 சதவீதம், டோன்டில் 3, டபுள் டோன்டில் 1.5. ஆவின் வாங்குகிறவர்களுக்கு ஆரஞ்சுப் பாக்கெட்டும் நீலப் பாக்கெட்டும் என்றால் புரிந்துவிடும். இந்தச் சிறிய அளவுக்கு நீலம் போதும். காய்ச்சி ஆறிய பாலாக இருக்கட்டும். சூடான பாலில் முட்டையை ஊற்றினால் அங்கேயே திரிந்து கட்டி தட்டிவிடும். பாதாம் பால், சோயா பால் வாங்கினால் இனிப்புச் சேர்க்காத வகையா என்று பார்த்து வாங்குங்கள்; பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துக் கணக்கில் வையுங்கள். கிரீம் வேண்டவே வேண்டாம்.

9. அடித்த கலவையை ஒரு முறை வடிகட்டுங்கள். முட்டைக்குள் இருக்கும் வெள்ளை நூல் போன்ற பகுதி பிரெட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, டோஸ்ட்டில் திட்டுத் திட்டாக வெந்த முட்டையாக நிற்கும். குழந்தைகள் விரலால் பிய்த்து ஓரமாக வைப்பது அதைத்தான். டீ வடிகட்டியே போதும், அரை நிமிட வேலை.

10. சர்க்கரையைக் கலவையில் போடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் தவறாமல் நடப்பது இது. கலவையில் கரைந்த சர்க்கரை பிரெட்டின் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. நாக்குக்கு அதில் பாதிகூடத் தெரிவதில்லை. வெளியே வழிந்த சர்க்கரை கல்லில் ஒட்டிக் கருகுகிறது. ஒட்டாமல் இருக்க இன்னும் கொஞ்சம் வெண்ணெய் போடுகிறோம். ஆக, சர்க்கரை தன் கணக்கோடு வெண்ணெய்க் கணக்கையும் ஏற்றிவிடுகிறது. அதற்குப் பதில் டோஸ்ட் வெந்து முடியும் தருவாயில் அரைத் தேக்கரண்டி சர்க்கரையை மேலே தூவி, அந்தப் பக்கத்தைக் கல்லில் கால் நிமிடம் மட்டும் திருப்பிப் போடுங்கள். உருகி மெல்லிய கண்ணாடிப் படலம் ஆகும். கடிக்கும்போது முதலில் நாக்கில் படுவது அதுதான் என்பதால் அரைத் தேக்கரண்டியே இனிப்பாகத் தெரியும். சர்க்கரை இல்லாவிட்டால் நிறம் வராதே என்று கவலை வேண்டாம். பாலிலேயே இயற்கையான சர்க்கரை இருக்கிறது, முட்டையில் புரதம் இருக்கிறது. இரண்டும் சூட்டில் சேர்ந்தால் பொன்னிறம் தானாக வரும்.

11. மணம் இருந்தால் நாக்கு இனிப்பை அதிகமாக உணரும். ஏலக்காய், பட்டை, ஜாதிக்காய், வெனிலா, ஆரஞ்சுத் தோல் சீவல் எதுவானாலும் சரி. ஆரஞ்சுத் தோலில் மேலிருக்கும் நிறப் பகுதியை மட்டும் துருவுங்கள். உள்ளே வெள்ளையாக இருப்பது கசக்கும். ஒரு சிட்டிகை உப்பையும் மறக்க வேண்டாம். பாயசத்தில் போடுவதும் இதற்காகத்தானே.

12. பட்டைத் தூளைப் பாலில் தூவினால் மேலேயே மிதந்து, முதல் துண்டோடு மொத்தமும் போய்விடும். மீதித் துண்டுகளுக்கு எதுவும் மிஞ்சாது. முதலில் முட்டையில் மட்டும் தூளைச் சேர்த்து நன்றாக அடித்து, பிறகு பாலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். சமமாகக் கலந்து நிற்கும். வடிகட்டுவது என்றால் தூள் சேர்ப்பதற்கு முன்பே முட்டையை வடிகட்டிவிடுங்கள். தினமும் பட்டை சேர்க்கும் வழக்கம் உள்ளவர்கள் தடித்து முரடாக இருக்கும் காசியா பட்டையைவிட, தாள் தாளாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையை வாங்குவது நல்லது. காசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் கூடுதல். நிறைய உள்ளே போனால் ஈரலுக்கு ஆகாது. மாதம் இரண்டு முறை டோஸ்ட் சாப்பிடுகிறவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

13. கலவையிலேயே இனிப்பு இருந்தால்தான் சரிவரும் என்பவர்கள் பாதி வாழைப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம். தோலில் கரும்புள்ளி விழுந்த பழம், பூவனோ கற்பூரவள்ளியோ. நன்றாக மசித்து, கட்டி இல்லாமல் அடித்துக்கொள்ள வேண்டும். பழத்தில் சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் சிவக்கும், தீயை இன்னும் ஒரு படி குறையுங்கள்.

14. ஊறவைக்கக் கிண்ணம் வேண்டாம், தட்டையான தாம்பாளம் எடுங்கள். கிண்ணத்தில் முக்கினால் நடுப்பகுதி குடித்த அளவு ஓரம் குடிக்காது. சாதாரண பாக்கெட் பிரெட் என்றால் பக்கத்துக்கு 15, 20 விநாடி. 2 சென்டிமீட்டர் துண்டு, அதுவும் காய்ந்தது என்றால் பக்கத்துக்கு ஒரு நிமிடம் கொடுக்கலாம். எடுத்ததும் நேராகக் கல்லுக்குப் போகாமல், ஒரு நொடி தூக்கிப் பிடித்துச் சொட்டுவதை வடியவிடுங்கள். கல்லில் வழியும் கலவைதான் ஓரமெல்லாம் பாவாடை கட்டி, எண்ணெயையும் குடித்துக்கொண்டு நிற்கும்.

15. இனி கல்லுக்கு வருவோம். வெண்ணெயைக் கட்டியாகப் போட்டு உருக்கினால் அளவு நம் கையில் இல்லை. வெண்ணெயில் இருக்கும் பால் திடப்பொருள் முதல் இரண்டு துண்டுக்குள் கருகிவிடும். துடைத்துவிட்டு மறுபடி வெண்ணெய், மறுபடி கருகல். நெய்யில் அந்தத் திடப்பொருள் இல்லை என்பதால் அதிகச் சூடு தாங்கும். மணமும் நம் வீட்டு மணம். இரண்டு துண்டுக்கு ஒரு தேக்கரண்டி தாராளம், நன்கு பழகிய இரும்புக் கல்லுக்கு அதிலும் பாதி போதும். நெய்யைக் கரண்டியால் ஊற்றாமல் தடவுங்கள். தோசைக்கு வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் கல்லில் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இனிப்பு டோஸ்ட்டுக்கு வெங்காய வாசனை பொருந்தாது. பழைய வீடுகளில் அதே வேலைக்குக் கத்தரிக்காயின் காம்புப் பகுதியை வெட்டி வைத்திருப்பார்கள். அது இங்கே கச்சிதம். பிடித்துக்கொள்ளக் காம்பு இருக்கிறது, தனி வாசனை இல்லை. இல்லையென்றால் சிலிக்கான் பிரஷ். நான்ஸ்டிக் கல் வைத்திருப்பவர்கள் அதைக் காலியாகச் சூடேற்றிப் புகைய விடாதீர்கள். அந்தப் பூச்சுக்கு அதிகச் சூடு ஆகாது.

இன்னொரு வழியும் உண்டு, சிலருக்கு இதுதான் பிடிக்கும்: கல்லில் நெய்யே தடவாமல், துண்டு பாதி வெந்ததும் திருப்புவதற்கு முன் அதன் மேல் பக்கத்தில் இரண்டு சொட்டு நெய் தடவித் திருப்புவது. சப்பாத்திக்குச் செய்வதுதான். நெய் மணம் முழுக்க டோஸ்ட்டில் நிற்கும், கல்லில் வீணாகாது. நான்ஸ்டிக்குக்கு மட்டும் சரிவரும்.

16. தீ மிதமாக இருக்கட்டும். அதிகத் தீயில் வெளியே சிவந்து உள்ளே பச்சை முட்டை கொழகொழவென்று நிற்கும். அதை வேகவைக்கக் கூடுதல் நேரம் கொடுக்கும்போதுதான் கூடுதல் எண்ணெயும் போகிறது. ஒரு பக்கம் இரண்டரை, மூன்று நிமிடம். திருப்பியதும் ஒரு நிமிடம் மூடி போடுங்கள். ஆவியில் நடுப்பகுதி வெந்து லேசாக உப்பி வரும். மூடியை எடுத்துவிட்டு மீதி நேரம் திறந்தே விட்டால் மேல்தோல் மறுபடி மொறுமொறுப்பாகும். கரண்டியால் நடுவில் அழுத்திப் பாருங்கள். ஓரத்தில் பால் கசிந்தால் இன்னும் வேக வேண்டும். முட்டைப் பண்டம் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கும்போது இதில் சலுகை கிடையாது.

17. ஆறேழு பேருக்கு என்றால் கல்லின் முன்னால் நின்றுகொண்டே இருக்க வேண்டாம். ஓவன் இருந்தால் 190 டிகிரிக்குச் சூடேற்றி, தட்டில் பேக்கிங் தாள் விரித்து, அதில் பிரஷால் லேசாக எண்ணெய் தடவி, ஊறிய துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். எட்டு முதல் பத்து நிமிடத்தில் திருப்பி, இன்னும் ஒரு ஆறேழு நிமிடம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சுடச்சுடக் கிடைக்கும், சமைத்தவரும் உட்கார்ந்து சாப்பிடலாம். ஏர் ஃபிரையரிலும் செய்யலாம். ஆனால் சொட்டும் ஈரத்தோடு கூடையில் வைத்தால் கம்பியில் ஒட்டிக்கொண்டு பிய்யும், அதனால் கூடையில் தாள் போடுவது அவசியம்.

18. தேன் ஆரோக்கியம், கருப்பட்டி ஆரோக்கியம், மேப்பிள் சிரப் ஆரோக்கியம் என்று மனதார ஊற்றிக்கொள்கிறோம். மூன்றும் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை. பழம், பாலுக்குள் இருப்பதைத் தவிர்த்து நாம் வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரையை அன்றாட ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் வைக்கவும், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் வைக்கவும் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பரிந்துரைத்தது. அந்த 5 சதவீதம் ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம். அவர்கள் கணக்கில் தேனும் சிரப்பும் சர்க்கரையோடுதான் சேரும். இரண்டு மேசைக்கரண்டித் தேன் அந்த 25-ஐ ஒரே தட்டில் தாண்டிவிடும். சுவைக்காகக் கருப்பட்டி பிடிக்கும் என்றால் தாராளமாகக் கருப்பட்டிதான் போடுங்கள், அதன் புகை மணத்துக்கு ஈடு கிடையாது. தேக்கரண்டியால் அளந்து போடுங்கள், அவ்வளவுதான். பாட்டிலை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். மேசையில் பாட்டில் இருந்தால் கை தானாக நீளும்.

19. மேலே பழம் வைப்பது அழகுக்காக இல்லை. இனிப்பு, ஈரம், புளிப்பு மூன்றையும் அதுவே கொடுத்துவிடுகிறது, சிரப்பின் தேவை குறைகிறது. எந்தப் பழம் மலிவாகக் கிடைக்கிறதோ அதுவே நல்ல பழம். ஏப்ரல், மே மாதங்களில் மாம்பழத் துண்டு. அதற்கு வேறு இனிப்பே வேண்டாம். பப்பாளி என்றால் எலுமிச்சை நாலு சொட்டு. மாதுளை முத்துகள் மொறுமொறுப்புக்கு. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்ட்ராபெர்ரி. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைதான். கடைக்காரர்கள் விதையில்லாத பச்சைத் திராட்சையை முன்னால் அடுக்கி, இதை ஓரமாக வைத்திருப்பார்கள். நிறமும் மணமும் புளிப்பும் இதற்குத்தான். ஒரு கிண்ணம் திராட்சையைக் கழுவி, இரண்டு கரண்டி தண்ணீரோடு சிறு தீயில் ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். தோல் வெடித்ததும் மத்தால் மசித்து, வடிகட்டியில் தேய்த்து விதையையும் தோலையும் நீக்கிவிடுங்கள். வடிந்த சாறைக் கரண்டியில் ஒட்டும் பதத்துக்குச் சுண்டவிட்டால் ஊதா நிறத்தில் ஒரு சாஸ். சர்க்கரையே போடவில்லை, யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும்.

20. கிரீமுக்குப் பதில் தொங்கவிட்ட தயிர். புளிக்காத தயிரை முதல் நாள் இரவே மெல்லிய துணியில் கட்டி, அடியில் கிண்ணம் வைத்து ஃபிரிட்ஜில் விட்டுவிடுங்கள். காலையில் நீர் வடிந்து வெண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். ஏலக்காய்த் தூள் கலந்து டோஸ்ட்டின் மேல் ஒரு கரண்டி. குளிர்ந்த தயிரும் சூடான டோஸ்ட்டும் சேர்ந்தால் அந்தச் சுவையே தனி. வடிந்த நீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையலாம்.

21. கார வகை. இலகுவாகச் சாப்பிட நினைக்கிறவர்களுக்கு என்னைக் கேட்டால் இதுதான் முதல் தேர்வு, ஏனென்றால் சர்க்கரைப் பிரச்சினையே இல்லை. அதே முட்டைக் கலவையில் மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கொத்தமல்லி, ஒரு சிட்டிகை மஞ்சள். பாலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். உப்பைப் பாதியாகப் போடுங்கள். பிரெட்டிலேயே உப்பு இருக்கிறது. வெங்காயத்தைக் கலவையில் போட்டால் துண்டில் ஒட்டாமல் தாம்பாளத்திலேயே தங்கிவிடும். துண்டைக் கல்லில் வைத்த பிறகு மேலே தூவி, கரண்டியால் லேசாக அழுத்தித் திருப்புங்கள். பக்கத்தில் வதக்கிய தக்காளியோ கீரையோ இருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? கெட்ச்அப்பிலும் சர்க்கரை உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். புதினாச் சட்னி இருக்க அது எதற்கு?

22. முட்டை சாப்பிடாதவர்களுக்கு. நான்கு துண்டுக்குக் கடலை மாவு நான்கு மேசைக்கரண்டி, பால் 150 மில்லி. இனிப்பு வகைக்கு மாவை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து ஆறவைத்தால் பச்சை வாசனை அடிக்காது. மாவுக் கலவை உள்ளே இறங்காது, மேலே பூச்சாகத்தான் நிற்கும். அதனால் ஊறவைக்காமல் தோய்த்து உடனே கல்லில் போடுங்கள். ஒரு முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைத் தூளை மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கும் முறையும் உண்டு, கொழகொழப்பாகப் பிடித்துக்கொள்ளும். பலரும் சொல்லும் கஸ்டர்ட் பவுடர் எளிதுதான், ஆனால் அது சோள மாவும் நிறமும் மணமும்தான். முட்டை கொடுக்கும் புரதத்தை அதில் தேடக் கூடாது.

23. மேலே தூவப் பாதாம், வால்நட், வேர்க்கடலை எதுவானாலும் ஒரு மேசைக்கரண்டி. வறுத்துப் பொடித்தால் கொஞ்சம் போட்டாலும் எல்லா வாயிலும் கிடைக்கும்.

24. அளவைப் பற்றி ஒரு வார்த்தை. காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கும் பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘பிரஞ்ச்’ (brunch) என்ற பெயரை 1895-ல் ‘ஹன்டர்ஸ் வீக்லி’ என்ற பத்திரிகையில் கை பெரிஞ்சர் என்பவர் எழுதினார். சனிக்கிழமை இரவு நேரம் கழித்துத் தூங்கியவர்கள் ஞாயிறு காலை சீக்கிரம் எழ வேண்டாமே என்பது அவர் வாதம். அங்கே ஒரு வேளை சாப்பாடு மிச்சம். நம் வீடுகளில் ஏழு மணிக்குக் காபியும் பிஸ்கட்டும், பதினொரு மணிக்கு டோஸ்ட், இரண்டு மணிக்கு முழுச் சாப்பாடு என்று ஆகிவிடுகிறது. இரண்டு வேளைக்குப் பதிலாகச் சாப்பிடுவதென்றால் இரண்டு துண்டு, கூடவே பழம், தயிர், வேண்டுமானால் ஒரு அவித்த முட்டை என்று நிறைவாகவே சாப்பிடுங்கள். மதியச் சாப்பாடும் உண்டு என்றால் ஒரு துண்டோடு நிறுத்துங்கள். பக்கத்தில் வைக்கும் பானமும் கணக்கில் சேரும். பாக்கெட் ஜூஸ் ஒரு டம்ளர் குடித்தால், கலவையில் மிச்சம் பிடித்த சர்க்கரை அதில் திரும்ப வந்துவிடும். சர்க்கரை குறைத்த காபியே மேல். நீரிழிவு உள்ளவர்கள் கார வகையைத் தேர்ந்தெடுத்து, பிரெட் துண்டு எத்தனை என்பதைத் தங்கள் உணவு அட்டவணைப்படி வைத்துக்கொள்ளட்டும்.

25. குழந்தைகளுக்கு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி ஊறவைத்தால் பிடித்துச் சாப்பிட எளிது. ஆனால் பக்கங்கள் கூடுவதால் எண்ணெயும் கூடும். முழுத் துண்டாக வேகவைத்துவிட்டுப் பிறகு வெட்டுவதே நல்லது. தொட்டுக்கொள்ளத் திராட்சை சாஸைச் சிறு கிண்ணத்தில் கொடுங்கள்.

26. அதிகமாகச் செய்துவிட்டால் டோஸ்ட் ஆறியதும், துண்டுகளுக்கு நடுவே தாள் வைத்து மூடிய டப்பாவில் ஃப்ரீசரில் வைக்கலாம். வேண்டும்போது எண்ணெய் இல்லாத கல்லில் சிறு தீயில் மூடி போட்டுச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஈரம் கோத்துத் துவண்டுவிடும். மீந்த கலவையை மேடையில் விட்டுவிட்டு மதியத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அப்போதே கல்லில் ஊற்றிப் பொரித்துவிடுங்கள், யாராவது சாப்பிட்டுவிடுவார்கள்.

27. முட்டை அடித்த கிண்ணத்தையும் தாம்பாளத்தையும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் முட்டை வெந்து ஒட்டிக்கொள்ளும், நாற்றமும் போகாது. அலசிய பிறகு கொஞ்சம் கடலை மாவோ எலுமிச்சைத் தோலோ போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டால் அடுத்து அதிலேயே மோர் கரைக்கலாம்.